விண்ணப்பத்தோடு போன முகங்கள்

தெரியாமல் எழுதிய ஒன்று எந்த நேரத்திலிருந்து பொய்யாகிறது? உண்மை தெரிந்த நிமிடத்திலிருந்தா, தெரிந்தும் பேசாமல் இருந்த முதல் நாளிலிருந்தா, அல்லது அதன் பலன் கைக்கு வரும்போதா? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடுதான் பாத்திரம் துலக்குகிறேன், வகுப்பெடுக்கிறேன், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறேன். பதில் வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினாலாவது ஏதாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. என் பெயரையும்தான்.

நான் விளாங்குடியில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு மதுரையில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலை. நான் கணினி அறிவியல் படித்துவிட்டு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆசிரியையாக இருக்கிறேன். ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு வருடம். "அடுத்த வருஷம் நீங்கதான மேடம் எங்களுக்கு?" என்று மாணவர்கள் கேட்கும்போது சிரித்துவைப்பேன். எனக்கே தெரியாததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் முன்னோட்டத் திட்டங்களுக்கு நிதி தருகிறார்களாம். ஒரு யோசனையை ஒரு வருடம் சிறிய அளவில் செய்து பார்க்க வேண்டும். தேறினால் வெளியே பெரிய நிதிக்குப் போகலாம். மூன்று நிபந்தனைகள் இருந்தன. திட்டத் தலைவர் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும், ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் கடிதம் வேண்டும், முதற்கட்ட முடிவுகளை இணைக்க வேண்டும்.

எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம்.

"உனக்குத்தான்மா ஐடியா இருக்கும். கைக்குழந்தை வச்சிருக்க, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிருக்க. எழுதிக் குடு. என் பேரு மொதல்ல, உன் பேரு ரெண்டாவது. நிதி வந்துச்சுன்னா உன் ஒப்பந்தத்தையும் ப்ராஜெக்ட்டோட சேத்து நீட்டிரலாம்."

அவர் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்கு நான் விடுப்பில் போனபோது என் வகுப்புகளை யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாமல் தாமே எடுத்து, நான் திரும்பி வந்ததும் அப்படியே கையில் கொடுத்தவர். அதனால்தான் எல்லாமே இத்தனை கடினமாக இருக்கிறது.

யோசனைக்காக நான் தேடி அலையவில்லை. அது என் வீட்டிலேயே நடந்தது.

மகள் பிறந்து ஐந்தாவது நாள். வாடிப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான். "எம்புட்டு கலருடி. தாழம்பூவால்ல இருக்கா. அப்பன் கலரும் இல்ல, ஆத்தா கலரும் இல்ல." எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நான் கறுப்பு. பெண் பிள்ளை கலராகப் பிறந்துவிட்டதே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அன்று சாயங்காலம் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் வழக்கமான பார்வைக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு நெருக்கமானவர். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தை உற்றுப் பார்த்தார். நெஞ்சிலும் அதேபோல் அழுத்தினார்.

"இது கலரு இல்ல தாயி. மஞ்சக்காமாலை. எந்திரி, கெளம்பு."

அன்றே மதுரையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். வார்டு வாசலில் ஒரு சிஸ்டர் ஈரப் பஞ்சால் குழந்தையின் முகத்தைத் துடைத்து, கறுப்பு வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வாங்கிக்கொண்டார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். குணமாகிவிட்டது. ஆனால் இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை. நான் படித்தவள். நாள் முழுக்க மடியில் வைத்திருந்தவள். எனக்குத் தெரியவில்லை.

மேடம் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். பிறந்த குழந்தையின் முகத்தைச் செல்போனில் படம் எடுத்தால் மஞ்சள்காமாலையா இல்லையா என்று சொல்லும் ஒரு கருவி. செவிலியர் வராத நாளில் ஒரு தாய் தானே பார்த்துக்கொள்ளலாம். "அருமையா இருக்கு," என்றார் மேடம். "தாய் செஞ்ச கருவின்னா நிதி குடுக்குற குழுவுக்கும் பிடிக்கும்."

கருவிக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வகைப் படங்கள் வேண்டும். நோயுள்ள குழந்தைகள் ஒரு பக்கம், இல்லாத குழந்தைகள் ஒரு பக்கம். என் மகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரே ஒப்புதல் கடிதம் தந்தார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விளக்கில் வைப்பதற்கு முன்னால் வார்டில் படம் எடுக்க அனுமதித்தார். வகுப்பு முடிந்து பல நாள் அங்கே போய் நின்றேன். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். யாரோ பெற்ற பிள்ளை அழுதால் என் ரவிக்கை நனையும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படம் எடுப்பேன்.

நோயில்லாத குழந்தைகளை வாடிப்பட்டிச் செவிலியர் அக்கா எடுத்துத் தந்தார். அவருடைய மேலதிகாரியிடம் நான் போய் அனுமதி வாங்கிவந்தேன். பிரசவமான வீடுகளுக்குப் போகும்போது தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் படம் எடுத்து அனுப்புவார். கருவி ஓரளவு தயாரானதும் சும்மா சோதித்துப் பார்க்க அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். படம் எடுத்தால் 'நலம்' அல்லது 'மஞ்சள்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

மொத்தம் நூற்றுச் சொச்சம் முகங்கள். முடிவு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. பயப்படும் அளவுக்கு நன்றாக வந்தது. மாற்றி மாற்றிச் சோதித்தேன். கருவி ஏறக்குறைய தவறவே இல்லை. எனக்கு எதுவும் இவ்வளவு எளிதாக அமைந்ததில்லை. அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

விண்ணப்பப் படிவத்தில் 'திட்டத்தின் குறைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் மூன்று பத்தி எழுதினேன். இரண்டு வகைப் படங்களும் வேறு வேறு இடங்களில் எடுக்கப்பட்டவை, வேறு வேறு போன்கள், வீட்டு வெளிச்சம் வேறு, வார்டு வெளிச்சம் வேறு என்றெல்லாம். மேடம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்னம்மா, உன்மேல நீயே போலீஸ்ல புகார் குடுக்குற மாதிரி இருக்கு. கேட்டாங்கன்னா சொல்லிக்கலாம்."

மூன்று பத்தியும் ஒரு வரியாகச் சுருங்கியது: 'படங்களின் எண்ணிக்கை குறைவு.' நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் என்ன பயன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அந்த மூன்று பத்தியிலும் உண்மையான குறை இல்லை. நான் தப்பான இடத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் ஐந்து மணிக்கு இணையதளம் மூடும். மூன்றரைக்கு உட்கார்ந்தேன். ஒப்புதல் கடிதத்தின் கோப்பு அளவு பெரிது என்று திரும்பத் திரும்பத் தள்ளியது. சுருக்கினால் முத்திரை மங்கியது. இடையில் அத்தை, அதாவது மாமியார், போன் செய்தார். "உன் மக வாயே தொறக்க மாட்டேங்குறா. நீ எப்ப வருவ?" நாலே முக்காலுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பச்சை எழுத்தில் வந்தது. மேடம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பேருந்தில் வரும்போது நிம்மதியாக இருந்தேன். அதுதான் நான் நிம்மதியாக இருந்த கடைசி நாள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய அதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் குளிப்பாட்டித் துவட்டிக் கட்டிலில் உட்கார வைத்தேன். அவளுக்கு அப்போது பதினான்கு மாதம். போன் கையிலிருந்தது. விளையாட்டாக ஒரு படம் எடுத்துக் கருவியிடம் கொடுத்தேன்.

'மஞ்சள்' என்றது.

நெற்றியை அழுத்திப் பார்த்தேன். கண்ணை விலக்கிப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. சன்னல் பக்கம் தூக்கிப்போய் இன்னொரு படம் எடுத்தேன். அப்போதும் மஞ்சள். இந்த வயதுக் குழந்தைக்கு இந்தக் கருவி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. பயத்தோடேயே வழக்கமான வேலைகளைச் செய்தேன். பவுடர் போட்டேன். அத்தை ஜவ்வரிசியைக் கருக்கிக் கொட்டாங்குச்சியில் காய்ச்சி ஊற்றிய மையைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து நெற்றியில் ஒன்று, கன்னத்தில் பெரிதாக ஒன்று, பொட்டு வைத்தேன். தினமும் வைப்பதுதான். மனம் கேட்காமல் மறுபடியும் படம் எடுத்தேன்.

'நலம்.'

ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சு வரவில்லை. ஈரத் துணியால் பொட்டை அழித்துவிட்டு எடுத்தேன். மஞ்சள். மறுபடி வைத்தேன். நலம். மகளுக்கு இது புது விளையாட்டு. தானாகவே கன்னத்தை நீட்டிக் கொடுத்தாள். அத்தை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, பொட்ட வச்சு வச்சு அழிக்கிற? புள்ளைக்குக் கன்னம் செவந்துபோச்சு பாரு."

மடிக்கணினியைத் திறந்து அத்தனை முகங்களையும் வரிசையாகப் பார்த்தேன். வீட்டில் எடுத்த குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தது. வார்டில் எடுத்த ஒரு குழந்தைக்கும் இல்லை. வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வீட்டில் மகளுக்குப் பொட்டு வைத்தது என் கை. வார்டு வாசலில் துடைத்ததைப் பார்த்தது என் கண். இரண்டும் எனக்குத் தெரியும். நூறு முகங்களை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தப் பொட்டு என் கண்ணில் படவே இல்லை. குழந்தை என்றால் பொட்டு இருக்கும். அதில் பார்க்க என்ன இருக்கிறது? கருவிக்கு மட்டும்தான் அது புதிதாகத் தெரிந்திருக்கிறது. நிறத்தைப் படிக்க அது முயலவே இல்லை.

பிறகு, செய்யாமல் இருந்திருக்கலாம், ஆனால் செய்தேன். மகளுடைய ஐந்தாம் நாள் படம் போனில் இருந்தது. இப்போது பார்த்தால் எலுமிச்சம்பழ மஞ்சள். கன்னத்தில் பெரிய பொட்டு. அதைக் கொடுத்தேன்.

நலம் என்றது.

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் வேறு வேலையாக வந்த ஆய்வுக் குழு ஒன்று உட்கார்ந்திருந்தது. செவ்வாய் அவர் விடுப்பு. புதன் நான் கதவு வரை போய்த் திரும்பினேன், காரணம் எதுவும் இல்லை. வியாழக்கிழமைதான் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார். படங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்குத்தாம்மா முன்னோட்டம்னு பேரு. எல்லாம் சரியா இருந்தா நமக்கு எதுக்கு நிதி?"

"மேடம், ஆனா அந்த முடிவ..."

"அது அன்னைக்குத் தெரிஞ்ச முடிவு. நாமளா கைல இருந்து நம்பரப் போட்டோம்? இல்லேல்ல. இப்ப லெட்டர் குடுத்தா திருத்த மாட்டாங்க, தூக்கிப் போட்டுருவாங்க. உன்னோட சேந்து என் பேரும் போகும். நிதி வரட்டும். மொத மாசமே புதுசா படம் எடு. பொட்டு இல்லாம எடு. முடிஞ்சுது."

படி இறங்கும்போது அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் நியாயமாகப் படவில்லை. பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் மறுபடி நியாயமாகப் பட்டது. என் புத்தி இப்படித்தான்.

மறுநாள் நிதிக் குழுவுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். மேலே தேதி, பெறுநர் எல்லாம் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் 'துறைத் தலைவர் வழியாக' என்றும் அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் உறைத்தது. ஒப்பந்த ஆசிரியர் அனுப்பும் எந்தக் கடிதமும் துறைத் தலைவரின் கையெழுத்தோடுதான் மேலே போகும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் வாங்கவே மாட்டார்கள். எதை மறைக்க வேண்டும் என்று அவர் சொல்கிறாரோ, அதைச் சொல்லும் கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். "வச்சுட்டுப் போ," என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அவர் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் பல நாள் அதைப் பார்த்தேன். பிறகு காணவில்லை. கேட்கவில்லை.

கணவரிடம் வண்டியில் போகும்போது சொன்னேன். வீட்டில் சொன்னால் அத்தை காதில் விழும். ஹெல்மெட்டோடு அவர் பாதித் தலையைத் திருப்பிக் கத்திப் பேசினார்.

"நீ ஏதும் தப்பா எழுதுனியா?"

"இல்ல."

"எழுதுன நம்பரெல்லாம் வந்த நம்பர்தானே?"

"ஆமா, ஆனா..."

"அப்பறம் என்ன. பரீட்சை எழுதிட்டு, எனக்கு மார்க்கு கூடப் போட்டுட்டீங்க சார்னு வாத்தியார்ட்ட போய் நிக்கிறவ ஊர்லயே நீ ஒருத்திதான்."

"பச்சப்புள்ளைக விசயம்ங்க."

"தெரியுது. நான் என்ன, புள்ளைக எப்படியும் போகட்டும்னா சொல்றேன். வேலையும் வேணும்ல." அதோடு சிக்னல் விழுந்துவிட்டது. அவர் சொன்னதிலும் தவறு என்று எதைச் சொல்வது?

யாரிடமும் சொல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. செவிலியர் அக்காவின் போனிலிருந்து கருவியை எடுத்துவிடலாம். ஒரு சனிக்கிழமை, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போனேன். அக்கா துணை சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு. நீ அப்ளிகேசன் போடுறதுக்கு ஒரு வாரம் முந்தி ஒரு புள்ளையப் பாத்தேன். ஒன் மிசினு நல்லா இருக்குன்னுச்சு. என் கட்டவெரலு இல்லைன்னுச்சு."

"அப்பறம்க்கா?"

"அப்பறம் என்ன, இருவத்தஞ்சு வருசமா இருக்க வெரல நம்பாம, நேத்து வந்த போன நம்புவேனாக்கும்? அனுப்பி வச்சேன். லைட்டுல வச்சு எடுத்தாக. இப்ப தெருவே அதிருற மாதிரி கத்துது."

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "நீ அழகர்கோவிலுக்கு நேந்துக்கிட்டுத் திரியிறன்னு ஒங்கம்மா சொன்னாக. வேலை நிக்கிறதும் போறதும் இதுலதான்னும் சொன்னாக. அந்நேரத்துல போய் எதுக்கு அபசகுனமா ஒண்ணச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன். ஒரு புள்ளதானே, நான்தான் பாத்துட்டேன்லன்னு."

அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? அவரும் மறைத்தார், நானும் அதற்குள் மூன்று வாரம் மறைத்திருந்தேன். இனிமேல் பொட்டு இல்லாமல் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நல்லாக் கேட்ட போ. படம் எடுக்கப்போறேன்னு சொன்னாத்தான் பெருசா வைப்பாளுக. பத்து நாள் புள்ளைய ஒருத்தி போன்ல படம் பிடிச்சா கண்ணுபட்டுறாதா? சின்னப் பொட்டா இருந்தாலும், இருங்க சிஸ்டர்னு உள்ள தூக்கிட்டுப் போயி அழுத்தமா வச்சுக் கொண்டாருவாளுக. இதுல அழிச்சுட்டு எடுக்கணும்னா தொடப்பத்த எடுத்துருவாளுக."

"சொல்லிப் புரியவைக்கலாம்லக்கா?"

"சொல்லலாம். நீ ஒம் மகளுக்கு ஒரு நாளு வைக்காம இருந்து பாரு. அப்பறம் நான் போய்ச் சொல்றேன்."

அதையும் செய்து பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை பொட்டு வைக்காமல் வேலைக்குக் கிளம்பினேன். அத்தையிடம் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பத்தரை மணி வரை தாங்கினேன். இடைவேளையில் போன் செய்து, "அத்தை, அவளுக்குக் கன்னத்துல ஒண்ணு வச்சு விட்டுருங்க," என்றேன். "நான் அப்பவே வச்சுட்டேன்," என்றார். நான் கண்ணூறை நம்புகிறவளா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

வாடிப்பட்டிக்குப் போன அன்றே அக்காவின் போனிலிருந்து கருவியை நீக்கிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும்தான் என்னால் நீக்க முடிந்தது.

போன மாதம் முடிவு வந்தது. எங்கள் திட்டம் தேர்வாகியிருந்தது. குழுவின் குறிப்பில், 'முதற்கட்ட முடிவுகள் மிகவும் நம்பிக்கை அளிக்கின்றன' என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் தேர்வானோம் என்று அதற்கு அர்த்தம். எங்களைத் தாண்டி எத்தனை விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன என்று தெரியாது. மறுநாளே பல்கலைக்கழக வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மேடம் படம் பெரிதாக, என் படம் ஓரத்தில் சிறிதாக, அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கணவர் வண்டியை நிறுத்தி அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். வாடிப்பட்டியில் அம்மா தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். காலையும் மாலையும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வாசல் இல்லை.

பிறகு மருத்துவர் போன் செய்தார். நல்ல மனிதர், சந்தோஷமாக இருந்தார்.

"வாழ்த்துகள்மா. ரெடியாத்தானே இருக்கு? நான் பேசி வச்சுட்டேன். பத்து கிராம நர்சுங்களுக்கு மொதல்ல குடுத்துருவோம். நீங்க கையெழுத்துப் போட்டு முடிச்சதும் ஆரம்பிச்சுக்கலாம்."

"டாக்டர், இன்னும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கு."

"சோதிக்கத்தானே பத்து பேருக்குக் குடுக்குறோம்."

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். 'டாக்டர், அது மஞ்சளைப் பார்க்கவில்லை, பொட்டைப் பார்க்கிறது' என்று ஒரே வாக்கியம். வாய்வரை வந்தது. அவர் மேடத்தைக் கூப்பிடுவார், மேடம் என்னைக் கூப்பிடுவார். "சரிங்க டாக்டர்," என்றேன். பத்து செவிலியர். எல்லோருக்கும் அக்காவின் கட்டைவிரல் இருக்குமா? புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இருப்பார்கள். எதிரே பெரிய பொட்டோடு ஒரு மஞ்சள் குழந்தை. போன் நலம் என்று சொல்லும்போது ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் எதை நம்புவாள்? என் வீட்டுக்கு அன்று அக்கா வராமல் இந்தக் கருவி வந்திருந்தால் நானே அதைத்தான் நம்பியிருப்பேன். நான் கேட்க விரும்பியதை அது சொல்லியிருக்கும்.

நிதிக்கான ஒப்பந்தப் பத்திரம் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. மேடம் முதலில் போட்டுவிட்டு எனக்கு அனுப்பினார். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி: 'விண்ணப்பத்தில் அளிக்கப்பட்ட விவரங்கள் அனைத்தும் இன்றைய தேதி வரை உண்மையானவை என உறுதியளிக்கிறேன்.' இன்றைய தேதி வரை. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கான கோடு. இந்த மாதக் கடைசிக்குள் தர வேண்டும். நேற்று மேடம் வராந்தாவில் பார்த்து, "போட்டுட்டியாம்மா?" என்றார். "புள்ளைக்குக் காய்ச்சல், மறந்துட்டேன் மேடம்," என்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. இது என் இரண்டாவது பொய்யா, முதல் பொய்யா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், செவிலியர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களைக் கேட்கிறேன். துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் குழுவில் ஒருவரிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாமா? அது எனக்கு உதவி செய்தவரின் முதுகில் குத்துவதாகுமா? அல்லது மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, செவிலியர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டு, ஒரு வருடத்துக்குள் கருவியைச் சரிசெய்ய முயலலாமா? அப்படிச் செய்தால் நான் கோழையா, புத்திசாலியா? கையெழுத்தே போடாமல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வது? இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் தாண்டியிருக்கலாம். ஏதோ ஒன்றைச் செய்திருப்பேன். அப்படியானாலும் எழுதுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் முதல் போனை யாருக்குச் செய்வீர்கள், எந்த வாக்கியத்தில் பேச்சை ஆரம்பிப்பீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.